ஆறாவது புளியங்கொட்டை

எங்கள் அந்தோணியார் தெருவை விட்டு ‘ஸ்’ என்கிற சத்தம் கிளம்பிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பள்ளிக்கூட வேன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், வீட்டுக்கு வீடு அடுப்பில் குக்கர் ஏறியிருந்த நேரத்தில். வெயிட் எழும்பி ஆடியது, ஆவி வெள்ளையாய்ப் பீய்ச்சிக்கொண்டு வந்தது, ஆனால் விசில் வரவில்லை; மூன்று விசிலுக்குக் காத்திருந்த பெண்கள் காத்துக்கொண்டே இருந்ததில் அன்றைக்குத் தெரு முழுக்க ஒரே குழைந்த சோறு, பிள்ளைகளின் டிபன் டப்பாவில் அது களி மாதிரி உட்கார்ந்துகொண்டு போனது. கடுகு வெடித்தது, எண்ணெய் பொரிவது கேட்கவில்லை. வாசலைப் பெருக்கினால் குப்பை நகர்ந்தது, விளக்குமாறு ஊமையாக இருந்தது.

அப்புறம் வாயைத் திறந்தோம். பூட்டுப் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தாஸ், பைக் சாவியைக் காணாமல், “லீமா, ஆவி எங்க?” என்று கேட்டான்.

“குக்கர்ல இருந்துதான் வருது, வந்து பாருங்க” என்றாள் அவன் மனைவி உள்ளேயிருந்து.

“அந்த ஆவி இல்லடி, வண்டி ஆவி!”

“வண்டிக்கு ஏதுங்க ஆவி? காலையிலயே ஆரம்பிச்சாச்சா?”

எதிர்வீட்டு வேதமணி தன் இரண்டு பையன்களை “உம்மா இருங்கடா!” என்று அதட்டினாள், அவள் சொல்ல வந்தது ‘சும்மா இருங்கடா’ என்பதுதான், ஆனால் பையன்கள் காதில் விழுந்தபடியே வந்து ஆளுக்கு ஒரு கன்னத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள். எலிசபெத்து என்கிற என்னைத் தெருப்பிள்ளைகள் “எலி பெத்த அத்தே” என்று கூப்பிட, வெளியூரில் வேலையாக இருக்கும் என் பிள்ளைகள் போனில் அதைக் கேட்டு, “அப்போ நாங்க எல்லாம் எலிக்குஞ்சா அம்மா?” என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேச்சில் விழுந்துபோன எழுத்தை இனிமேல் நான் நிரப்பித்தான் எழுதப்போகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்குத் தலைவலி.

தெருமுனையில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு அடி வைத்தால் சத்தம் இருந்தது. ஒரு அடி உள்ளே வந்தால் இல்லை. கவுன்சிலர் வந்து பார்த்தார், “சரி, ஏற்பாடு பண்றேன்” என்று சொல்லப்போய், தன் வாயிலிருந்து “அரி” என்று வந்ததைக் கேட்டு மிரண்டு, வந்த காரிலேயே திரும்பிப் போனார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், அவர் கொடுத்த ஆசீர்வாதத்திலும் நடுவில் ஒரு பல் விழுந்தமாதிரிதான் இருந்தது, “ஆண்டவருக்கு இது போதும்மா, நீங்க ஜெபத்தை நிப்பாட்டாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பிதா இருக்கிறார், சுதன் இல்லை, சேசுவின் பெயரைச் சொன்னால் பாதிக் காற்றாகப் போகிறது. ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவோ நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் எந்த அதிசயமும் மூன்று நாளைக்குமேல் அதிசயமாக இருப்பதில்லை. நான்காம் நாள் குக்கருக்கு விசில் எண்ணுவதை விட்டுவிட்டுக் கடிகாரம் பார்க்கப் பழகிக்கொண்டோம். கைக்குழந்தைகளைக் காலில் போட்டு ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொன்னால்தான் மூத்திரம் போகும் என்று பழக்கி வைத்திருந்த தாய்மார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகக் குழாய்க்கு வெளியே போய் நின்று காரியத்தை முடித்து வந்தார்கள். குளச்சல் பக்கத்திலிருந்து இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிலோமினா மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் பேசினாள், அவள் ஊரில் சோறு என்பதை அழுத்தி ‘ச்சோறு’ என்றுதான் சொல்வார்கள், கல்யாணமான நாளிலிருந்து அதற்காக அவளைக் கேலி பண்ணிய நாங்கள் இப்போது அவள் வாசலில் போய் நின்று, “இன்னொரு தடவ சொல்லு பிலோமி, நாக்க எங்க வைக்கணும்?” என்று கேட்க, அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “அப்பிடி வாங்க வழிக்கு, ச்சாமிகளா, ஒவ்வொருத்தியா வாங்க” என்றாள். வயசில் சின்னவர்களுக்கு அது சீக்கிரம் ஒட்டியது. எங்களுக்குக் கொஞ்சம் ஒட்டியது, கொஞ்சம் வழுக்கியது. மழை வந்தபோது எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றோம். தகரத்தில் தட்டுவது கேட்டது, மண்ணில் விழுவது கேட்கவில்லை.

“நாம எல்லாரும் இப்ப சிந்தியா மாதிரி பேசுறோம்” என்று முதலில் சொன்னது வேதமணியின் சின்னப் பையன். எல்லாரும் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

சிந்தியா, தாஸுக்கும் லீமாவுக்கும் ஒரே பிள்ளை. நாலரை வயது. பிறவியிலேயே இரண்டு காதும் மந்தம், மூன்றாவது வயதில்தான் கண்டுபிடித்தார்கள். பெரியாஸ்பத்திரியில் காதுக்கு மிஷின் கொடுத்தார்கள், பேச்சு பழக்க வாரம் இரண்டு நாள் போனிலேயே வகுப்பு ஏற்பாடு செய்தார்கள். என் இளைய மகன் எனக்காக நெட் போட்டுக் கொடுத்திருந்ததால் வகுப்பு என் வீட்டு முன்அறையில் நடக்கும். போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்தால், அதற்குள் கமலவேணி மேடம் வருவார்கள். “அம்மா, நான் வாரத்துக்கு ஒரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் நீங்கதான் டீச்சர்” என்பார்கள் ஒவ்வொரு முறையும்.

தினமும் காலையில் மிஷின் மாட்டியதும் லீமா ஒரு சோதனை பண்ண வேண்டும். வாயை மறைத்துக்கொண்டு ஆறு சத்தம் சொல்ல வேண்டும்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். பேச்சுக்கு வேண்டிய அத்தனையும் இந்த ஆறுக்குள் இருக்கிறதாம். ஒவ்வொரு சத்தம் கேட்கும்போதும் பிள்ளை கன்னத்தோடு பிடித்திருக்கும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட வேண்டும். போட்டால் தாளில் டிக். அந்தத் தாளைப் படம் பிடித்து மேடத்துக்கு அனுப்ப வேண்டும். “ரெண்டு பேர் முகமும் எனக்குத் தெரியற மாதிரி உட்காருங்க” என்று மேடம் சொன்னதால் லீமா பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வாள், ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையால் தன் வாயை மறைத்துக்கொண்டு பின்னாலிருந்து சொல்வாள். ஆறு சத்தம், ஆறு கொட்டை, ஆறு டிக். ஏழு மாதம் ஒருநாள் தவறவில்லை.

ஆனாலும் சிந்தியாவின் பேச்சில் ‘ஸ்’ வரவில்லை. சாப்பாட்டை ஆப்பாது என்பாள், சாமியை ஆமி என்பாள்.

“ஸ் அவளுக்குக் கேக்குதாம்மா? அது ரொம்ப மெல்லிசான சத்தம். போன்ல எனக்கே அது சரியா விழாது, காத்து இரைச்சல்னு போனே வடிகட்டிரும். கொட்டை விழறத வச்சுத்தான் நான் நம்பறேன்” என்பார்கள் மேடம்.

“கேக்குது மேடம். டிக் போட்டிருக்கேன் பாருங்க” என்பாள் லீமா.

“அஞ்சு வயசுக்குள்ள காது எல்லாத்தையும் பிடிச்சுக்கணும்மா. அதுக்கப்புறம் ஒவ்வொரு சத்தத்தையும் இழுத்துக்கிட்டு வரவேண்டியிருக்கும்.”

தாஸ் இதில் எதிலும் உட்கார்ந்ததில்லை. கெட்டவன் இல்லை, பிள்ளைமேல் உயிர். போனுக்கு முன்னால் உட்கார்ந்து ஆ, ஊ என்று சொல்வது ஆம்பளைக்கு வெட்கம் என்று இருந்தான். “அதெல்லாம் அவங்க அம்மா பாத்துக்கிடுவா” என்பான்.

சத்தம் போன அந்தச் செவ்வாய்க்கிழமையும் பத்து மணிக்கு வகுப்பு இருந்தது. நான் வாசல் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். லீமா வழக்கம்போலப் பிள்ளையை மடியில் வைத்து, அட்டையைப் பிடித்து, ஆ சொன்னாள், ஊ சொன்னாள், ஈ, ம், ஷ் சொன்னாள். ஆறாவதுக்கு அவள் உதடு விரிந்தது, பல் தெரிந்தது, சத்தம் வரவில்லை. எனக்குக் கேட்கவில்லை, சொன்ன அவளுக்கே கேட்கவில்லை. சிந்தியா டொக் என்று கொட்டையைப் போட்டாள்.

லீமா அட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எக்கா! தெருவுக்கே கேக்காதது எம்புள்ளைக்குக் கேக்குதுக்கா!”

மறுபடி செய்தாள். மறுபடி விழுந்தது. நான் கீரையை அப்படியே போட்டுவிட்டு முழங்காலில் நின்று சிலுவை போட்டேன். பொய் சொல்லக்கூடாது, அந்தச் செய்தியை வீடு வீடாகப் போய்ச் சொன்னது நான்தான்.

அன்றிலிருந்து தெருவுக்குக் காது சிந்தியாதான் என்று ஆகிவிட்டது. அவளை ‘இந்தியா’ என்று கூப்பிட வேண்டியிருந்ததில் முதலில் சிரித்தவர்கள், “இந்தியா கேட்டுச் சொன்னா சரியா இருக்கும்” என்று மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். லீமா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆறு சத்தம் சொல்ல, ஆறாவது கொட்டை விழுவதைப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஒருத்தி கொண்டுவந்த மல்லிகைப்பூவை இன்னொருத்தி சூட்டினாள், பிள்ளையின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு, கும்பிட்டது போதும் என்று, வேலைக்கும் கூப்பிட்டார்கள். சைக்கிள் டியூபில் காற்று எங்கே போகிறது, குக்கர் விசில் வந்ததா, கேஸ் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல அவளை வீட்டுக்கு வீடு தூக்கிப் போனார்கள். நானும் கூப்பிட்டேன். குனிந்து காதை வைப்பாள், நிமிர்ந்து நம் முகத்தைப் பார்ப்பாள், நாம் என்ன முகத்தோடு இருக்கிறோமோ அப்படியே தலையாட்டுவாள். அதை யாரும் கவனிக்கவில்லை. அவள் சொல்லை நம்பி என் சிலிண்டரை நானும் பொருத்தினேன், அன்று ஆண்டவர் என் பக்கம் இருந்தார்.

தாஸ் வீட்டில் சிலிண்டர் மாற்றிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்திருந்தார்கள். பட்டறையில் பாலிஷ் போடும் ஆசிட்டை மோந்து மோந்து அவனுக்கு மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது, காதை வைத்துத்தான் கசிவு பார்ப்பான். “இந்தியா, வாடி தங்கம். கேளு, வருதா?” என்றான் சிரித்துக்கொண்டே. பிள்ளை டியூப் பக்கம் குனிந்தாள், நிமிர்ந்தாள், அப்பா சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்து, இல்லை என்று தலையாட்டினாள். லீமா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவன் பிள்ளையை வாசலுக்கு அனுப்பிவிட்டு லைட்டரைத் தட்டினான்.

நெருப்பு ஒரு தாவுதான். வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது, புருவம் கருகியது. வேதமணியின் வீட்டுக்காரர் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசலில் நின்று, தலையாட்டியது தப்பா சரியா என்று தெரியாமல், எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பூ சூட்டியவர்களே பேசினார்கள். “காது மந்தமான புள்ளைய நம்பி நெருப்பு வைப்பாங்களா?” என்றாள் ஒருத்தி. “பெத்தவளுக்குப் பெருமை தலைக்கேறிப் போச்சு” என்றாள் இன்னொருத்தி, குழாயடியில், லீமா குடத்தோடு நிற்கும்போதே. லீமா திரும்பி, “மிஷின்ல பேட்டரி இறங்கியிருக்கும். எம்புள்ளைக்குக் கேக்கும். ஏழு மாசமா டிக் போட்டிருக்கேன், நானா பொய் சொல்வேன்?” என்றாள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது, என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்: சரியாகப் பழக்காத வீட்டிலிருந்து மிஷினைத் திருப்பி வாங்கிவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரி வரிசையில் யாரோ ஒரு தாய் சொன்னாளாம்.

கட்டுப்போட்ட கையோடு தாஸ் வீட்டில் இருந்தான். பட்டறையில் அவன் இடத்துக்கு லீமா பூட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கப் போனாள். அதனால் அடுத்த வகுப்புக்கு அவன்தான் உட்கார வேண்டியதாயிற்று. தலை சீவி, இடது கையால் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு வந்தான், பெண் பார்க்க வந்தவன் மாதிரி.

“நான் என்னக்கா பேசறது அதுக்கு முன்னால?”

“ஆறு சத்தம்தான் தம்பி. பட்டறையில பேசற பேச்செல்லாம் வேண்டாம்” என்றேன்.

மேடம் போனில் வந்து, “அப்பாவா? இன்னைக்குத்தான் உங்களப் பாக்கறேன், வாங்க” என்றார்கள். அவனுக்குக் காதெல்லாம் சிவந்துபோயிற்று.

மடியில் வைத்தால் கட்டுப்போட்ட கையில் பிள்ளை இடித்துவிடும். அதனால் அவளை எதிரே ஒரு முக்காலியில் உட்கார வைத்தான், தான் ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்தான், அட்டையால் வாயை மறைத்தான். ஆ. டொக். ஊ. டொக். ஈ, ம், ஷ், ஐந்து கொட்டை விழுந்தது. ஆறாவதைச் சொன்னான். கொட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பிள்ளை காத்திருந்தாள். மறுபடி சொன்னான். விழவில்லை.

“சரி, இன்னைக்கு அவளுக்குக் களைப்பா இருக்கும்” என்று மேடம் வகுப்பை முடித்தார்கள். தாஸ் எழுந்திருக்கவில்லை.

“எக்கா, நான் சொன்ன ஸ் உங்களுக்குக் கேட்டுச்சா?”

“எப்படித் தம்பி கேக்கும்? தெருவுலதான் அது இல்லையே.”

“இல்லாத சத்தத்துக்கு எப்படிக் கொட்டை விழும்? விழக்கூடாதுல்ல? அப்போ லீமா சொன்னா மட்டும் எப்படி விழுது?”

அன்று முழங்காலில் நின்று நான் போட்ட சிலுவை நினைவுக்கு வந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த லீமாவைக் கையைக்கூடக் கழுவ விடாமல் உட்கார வைத்தான். “மடியில வச்சுச் சொல்லு.” சொன்னாள். ஆறும் விழுந்தது. “இன்னொரு தடவ.” ஆறாவதுக்கு அவள் உதடு விரிந்தபோது அவன் தன் இடது கையை அவள் வாய்க்கும் பிள்ளையின் பிடரிக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தான். கொட்டை விழவில்லை. கையை எடுத்தான், பிள்ளையின் பிடரியில் பூனைமயிர் லேசாக அசைந்தது, கொட்டை விழுந்தது.

“காத்துடி” என்றான். “உன் மூச்சு அட்டைக்குக் கீழ இறங்கி அவ பிடரியில படுது. அதுக்குத்தான் போடுறா. ஏழு மாசமா அவ ஸ்ஸ கேக்கவே இல்ல.”

லீமா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பிள்ளையை மடியிலிருந்து இறக்கி முக்காலியில் வைத்தாள், ரொம்ப மெதுவாக, உடைகிற சாமானை வைக்கிறமாதிரி. அப்புறம் வீட்டுக்குப் போய், தாள்களையெல்லாம் எடுத்துவந்து என் வீட்டுத் தரையில் பரப்பினாள், ஒவ்வொரு தாளிலும் ஆறாவது கட்டத்திலிருந்த டிக்கைச் சிவப்புப் பேனாவால் அடித்தாள். ஒவ்வொன்றாக. தாஸ் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த தாளை எடுத்து எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு டிக்குக்கும் அவள் அந்தந்த நாள் ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கிறாள், எனக்குத் தெரியும். சொன்ன நன்றியை எப்படி அடிப்பது?

“மேடத்துக்கிட்ட சொல்லணும்” என்றாள்.

“சொன்னா மிஷினை வாங்கிட்டா?” என்றான் தாஸ்.

“வாங்கட்டும். சொல்லாட்டி மிஷின் இருக்கும், காது இருக்காது.”

அடுத்த வகுப்புக்கு இரண்டு பேருமே வந்தார்கள். லீமா போனுக்கு நேராக உட்கார்ந்து, “மேடம், எம்புள்ளைக்கு” என்று ஆரம்பித்து, அந்த இடத்தில் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை, “கேக்கல” என்று முடித்தாள்.

“என்ன கேக்கலம்மா? கட் ஆகுது.”

மறுபடி சொன்னாள். மறுபடி அந்த இடம் ஓட்டை. சொல்ல வேண்டிய ஒரே எழுத்து, அதைத்தான் தெரு சொல்ல விடவில்லை. லீமா பிள்ளையின் கிரையான்ஸில் ஒன்றை எடுத்து, அடித்த தாளின் பின்பக்கத்தில் பெரிதாக ‘ஸ்’ என்று எழுதிப் போனுக்கு முன்னால் பிடித்தாள். பிறகு தாளைத் திருப்பி, சிவப்பில் அடித்ததைக் காட்டினாள். மடி, பிடரி, மூச்சு எல்லாம் சொன்னாள். “தெரியாம பண்ணிட்டேன் மேடம். மிஷினைத் திருப்பி வாங்கிருவாங்களா?”

நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை, மேடம் கண் சிமிட்டினார்கள்.

“யாரும் வாங்க மாட்டாங்க. மடியில உட்கார வைக்கற மாதிரி ஆனது என்னாலதாம்மா. எனக்கு ரெண்டு முகமும் வேணும்னு கேட்டேன். முகம் தெரிஞ்சுது, அவ பிடரி எனக்குத் தெரியல.”

“எவ்வளவு நாள் போச்சு மேடம்?”

“ஏழு மாசம் போச்சு.” அவர்கள் அதை மெழுகிச் சொல்லவில்லை, அதற்காக நான் அவர்களை மதித்தேன். “நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. காது வளர்ந்திருக்கும், அச்சு லூஸா இருக்கும், மிஷினோட அளவையும் மாத்தணும். அப்புறம் மறுபடி முதல்ல இருந்து.”

போனார்கள். காதுக்குள் வைக்கும் அச்சைப் புதிதாக எடுத்தார்கள், மிஷினைத் திருத்தினார்கள். ஆனால் ஆறாவது சத்தத்தை எங்கே வைத்துச் சோதிப்பது? தெருவுக்குள் அது இல்லை. அதனால் தினமும் காலையில் மூன்று பேரும் குழாயைத் தாண்டி, மெயின் ரோட்டுச் சின்னப் பாலத்துக்குப் போனார்கள். அதன் கட்டைச் சுவரில் பிள்ளையை உட்கார வைத்து, பக்கத்தில் லீமா போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, தாஸ் பத்தடி தள்ளிப்போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று கையை நக்கிப் பார்த்து, மூச்சு பிள்ளைமேல் படாதபடி, அவளிடமிருந்து தன்னை நோக்கி அடிக்கிற பக்கமாக நின்றுகொண்டு, அட்டையால் வாயை மறைத்து ஸ் என்றான். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வேலைக்குப் போகிற அவன் கூட்டாளிகள், “என்ன தாஸு, பாம்பு பிடிக்கப் போயிட்டியா?” என்றார்கள். “ஆமாடா, வந்து நில்லு, உன்னையும் பிடிச்சுத் தாரேன்” என்றானே தவிர அட்டையை இறக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம், ஐந்து கொட்டை விழுந்தது, ஆறாவது கன்னத்திலேயே இருந்தது. தாளில் ஆறாவது கட்டத்தை லீமா வெறுமையாக விட்டாள்.

நான் தூக்குவாளியில் காபி கொண்டுபோவேன். தெருப் பெண்கள் முதலில் குழாய்வரை வந்து பார்த்தார்கள், பிறகு பாலம்வரை வந்தார்கள். யாரும் பேசமாட்டோம், சத்தம் கலந்துவிடக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு நிற்போம். குழாயடியில் லீமாவைப் பேசியவளும் வந்து நின்றாள், கையில் பிள்ளைக்கு ஒரு அவித்த முட்டையோடு.

நாலாவது வாரத்தில் ஒருநாள், மேடமும் போனில் இருந்தார்கள். தாஸ் ஆ சொல்லி, ஊ சொல்லி, ஷ் வரைக்கும் வந்து, ஆறாவதைச் சொல்ல அட்டையைத் தூக்கினான், இன்னும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பின்னால் ரோட்டோரம் ஒரு லாரி வந்து நின்றது. நின்று பிரேக்கை விட்டது: ஸ்ஸ்ஸ்.

சிந்தியா திரும்பினாள்.

யாரும் அவளைத் தொடவில்லை. அவள் முன்னால் நின்ற நாங்கள் யாரும் முகத்தால் ஒன்றும் சொல்லவில்லை, எங்களுக்கே அப்போது ஒன்றும் தெரியாது. திரும்பிய பிள்ளை லாரியின் சக்கரத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு அவளாகவே கையை நீட்டி ஆறாவது கொட்டையை டப்பாவில் போட்டாள்.

தாஸ் அட்டையைப் பிடித்தபடியே நின்றான். லீமா போனுக்குள், “மேடம், பாத்தீங்களா? பாத்தீங்களா மேடம்?” என்றாள்.

போனில் மேடம் வாயைப் பாதி திறந்தபடி உறைந்திருந்தார்கள். பிறகு அசைந்தார்கள். “நெட் நின்னுடுச்சும்மா. நான் ஒண்ணும் பாக்கல. என்ன ஆச்சு? நீங்கதான் சொல்லணும்.”

லீமா பேனாவை எடுத்தாள், கட்டத்தின்மேல் வைத்தாள், எடுத்துவிட்டாள். ஏழு மாதம் டிக் போட்டுப் பார்த்த கை அது. மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை லாரியையே பார்த்துக்கொண்டிருந்தது, இன்னொரு தடவை வருமா என்று.

“கேட்டுச்சு மேடம்” என்றாள் லீமா. “மூச்சு இல்ல, வாய் இல்ல, பின்னால இருந்து வந்துச்சு. ஸ் கேட்டுச்சு. நான் பாத்தேன், நான் சொல்றேன்.” சொல்லிவிட்டுத்தான் டிக் போட்டாள்.

இத்தோடு துக்கம் முடிந்தது என்று நினைத்துத்தான் எல்லாரும் தெருவுக்குத் திரும்பினோம். குழாயைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் சிந்தியா நின்றாள். கையைக் காதுக்குக் கொண்டுபோய் மிஷினைத் தட்டினாள். தட்டிப் பார்த்து, கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள், கெட்டுப்போய்விட்டது என்று. லீமா புது பேட்டரி போட்டுக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு ஒரு அடி வெளியே போனாள், முகம் தெளிந்தது, ஒரு அடி உள்ளே வந்தாள், முகம் சுருங்கியது. இத்தனை நாள் அவளுக்குக் கேட்காமல் இருந்தபோது அவளுக்குக் குறை தெரியவில்லை. இப்போது தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அதே கதைதான். பாலத்தில் ஆறு கொட்டையும் விழும். மேடம் சொன்னபடி காது முதலில், வாய் அப்புறம் என்று பழக்கினார்கள். தாஸ் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் காலையில் அரைமணி பாலத்தில் உட்கார்ந்து, நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்துக் காட்டி, அவளைச் சொல்ல வைத்தான். முதலில் வெறும் காற்று வந்தது, அப்புறம் எச்சில் வந்தது. திரும்பும்போது குழாய்க்குப் பக்கத்தில் அழுகை, காலை உதைப்பது, தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவது. நாங்கள் வாசலில் நின்று பார்ப்போம். நாங்கள் பழகிக்கொண்டவர்கள், கடிகாரம் பார்த்துச் சமைக்கிறவர்கள், பாதிப் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறவர்கள்.

சித்திரையில் ஒருநாள் காலை. பிள்ளை அன்று அழவில்லை. குழாய்க்கு வெளியே நின்றுகொண்டு, அம்மா பிடித்த கையை உதறிவிட்டு, தெருவை நேராகப் பார்த்தாள். கோலப்பொடியோடு நின்ற வேதமணியை, மாவுக் கையோடு வந்த பிலோமினாவை, என்னை.

“சத்தம் எங்க?” என்றாள்.

முழுசாக, முதல் எழுத்தோடு. தாஸ் சட்டென்று தரையில் குத்தவைத்து உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். ஆனால் பிள்ளை அவனைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்தாள். “சத்தம் எங்க?” என்று மறுபடி கேட்டாள், நாங்கள் எடுத்து எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறோம் என்பது மாதிரி.

லீமா அவளை உள்ளே இழுக்கவில்லை, தூக்கவும் இல்லை. தானும் வெளியே போய், பிள்ளை பக்கத்தில், ரோட்டோர மண்ணில், தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.